பத்தாவது ஆளாக ஏறிய அப்பா

அடியே,

போன ஞாயிறு நோணாங்குப்பம் போட் ஹவுஸ் போயிருந்தேன். லைஃப் ஜாக்கெட்டைத் தலைவழியாக மாட்டியதும் அந்த வாடை அடித்தது: டீசல், உப்புத்தண்ணீர், காயாத ஈரம். படகு கிளம்பும் முன்பே நீ நினைவுக்கு வந்துவிட்டாய். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நான்கே நாளில் முடிந்துவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கல்லூரிக் கடைசி வருஷம் நாம் இருவரும் பிரான்சில் ஒரே பல்கலைக்கழகத்துக்கு, ஒரே மேற்படிப்புக்கு விண்ணப்பித்தோம். நமது மார்க் சுமார்தான். செய்த ப்ராஜெக்ட்டைப் பார்த்துத்தான் சீட்டு என்றார்கள். நான் ஆறு ப்ராஜெக்ட் போட்டுப் பட்டியல் தயாரித்தேன். லைப்ரரி, ஆஸ்பத்திரி, ஹோட்டல் புக்கிங் என்று வகுப்பில் எல்லோரும் செய்ததையே நானும் செய்திருந்தேன். பட்டியலின் தலையில், ப்ராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாக வாங்கிய முக அடையாள ப்ரோக்ராம்.

உப்பளம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து அந்தப் பட்டியலைப் பார்த்தாய். முகம் கண்டுபிடிக்கும் ப்ரோக்ராமைத் திறக்கச் சொல்லி, நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தாய்.

“இந்த வரி எதுக்குடி இருக்கு?”

நான் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன்.

“அப்ப இது உன்னுது இல்ல. பட்டியல்லேர்ந்து அடிச்சுடு.”

அடித்தேன். ஒவ்வொன்றாக ஆறையும் அடிக்க வைத்தாய். அழுகை வந்துவிட்டது. “அப்ப வெறும் தாளையா அனுப்பச் சொல்ற?” என்று கத்தினேன். நீ நிதானமாக, “போட் ஹவுஸுக்கு ஒண்ணு செஞ்சியே, அது எங்க?” என்று கேட்டாய்.

உன்னிடம்கூட முழுசாகச் சொல்லாமல் புதைத்து வைத்திருந்த அவமானம் அது. அப்பாவுக்கு போட் ஹவுஸில் டிக்கெட் கவுன்டர் வேலை. அங்கிருந்து பாரடைஸ் பீச்சுக்குப் போகும் படகில் பத்துப் பேர் ஏறலாம். எந்தக் குடும்பத்தையும் பிரிக்கக் கூடாது, படகும் காலியாகப் போகக் கூடாது. யார் யாரைச் சேர்த்து ஏற்றலாம் என்று சொல்ல ஒரு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தேன். பத்து சரியாக நிரம்பினால்தான் அது படகை அனுப்பும். ஆறும் நாலும் போனது, எட்டும் ரெண்டும் போனது. விழுப்புரத்திலிருந்து வந்த ஒன்பது பேர் குடும்பம் மட்டும் காலையிலிருந்து கரையிலேயே நின்றது.

அப்பா வியர்த்து வழிந்துகொண்டு என்னிடம் வந்தார். “ஏம்மா, ஒத்த ஆளா எவன் பீச்சுக்கு வருவான்?” கடைசியில் அவரே பத்தாவது ஆளாகப் பேர் கொடுத்து ஏறி உட்கார்ந்தார். கவுன்டரில் ஆள் இல்லை. வரிசை ரோடு வரை போய்விட்டது. திரும்பி வந்து முதல் வேலையாக கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினார்.

நான் சொல்லி முடிப்பதற்குள் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு, “இத மட்டும் அனுப்பு. எங்க மாட்டிக்கிச்சு, ஏன் மாட்டிக்கிச்சு, எப்பிடி சரி பண்ணினன்னு எழுது” என்றாய். ஆழம் தெரியாமல் காலை விடுகிறோமே என்று எனக்கு நடுக்கம். சரி செய்யவே மூன்று வாரம் பிடித்தது. காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து, ரொம்ப நேரம் ஆனால் ஓர் இடம் காலியாக இருந்தாலும் படகு கிளம்பும்படி மாற்றினேன். பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் எழுதினேன்.

போனில் நேர்காணல் எடுத்த பேராசிரியர் முதலில் கேட்டதே, “அந்த ஒன்பது பேர் என்ன ஆனார்கள்?” என்றுதான். அப்பா ஏறிய கதையைச் சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமானது. தோற்றுப்போன ப்ராஜெக்ட்டை அனுப்பலாம் என்று எப்படித் தோன்றியது என்று அடுத்துக் கேட்டார். அங்கேதான் நான் தவறினேன். “எனக்கே தோன்றியது” என்று சொல்லிவிட்டேன். நீயும் அதே சீட்டுக்கு நிற்கிறாயே, உன் பேரைச் சொன்னால் அது உனக்குப் போய்விடுமோ என்று பயம்.

பிரவுசிங் சென்டரில் சேர்ந்து உட்கார்ந்து மெயிலைத் திறந்தோம். எனக்குக் கிடைத்தது, உனக்கு இல்லை. தேங்காய்த்திட்டு ஐஸ் கடைக்கு எழுதி நீ அனுப்பிய ப்ரோக்ராம் ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை, ஆனாலும் இல்லை. நான் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்திருந்தேன். நீ பிரவுசிங் சென்டர்காரரைக் கூப்பிட்டாய். “அண்ணே, இவ பிரான்சுக்குப் போறா! எந்த ப்ராஜெக்ட்டுன்னு நாந்தான் பொறுக்கிக் குடுத்தேன்!” எனக்குச் சீட்டு கிடைத்ததில் என்னைவிட நீதான் அதிகம் பெருமைப்பட்டாய். நேர்காணலில் சொன்ன பொய்யை அன்றே உன்னிடம் ஒப்புக்கொண்டிருக்கலாம். வாய் வரவில்லை.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்தேன். மாதா கோயில் வாசலில் உன் ஆபீஸ் பெண்கள் மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். “நீங்கதானே அந்த போட் ஹவுஸ் அக்கா?” என்றார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உன்னிடம் அந்தக் கதையைத்தான் கேட்டிருக்கிறார்களாம். அன்று பிரவுசிங் சென்டரில் அப்படிக் கத்திச் சொன்னவள், அவர்களிடம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ப்ராஜெக்ட் என்னுடையது, யோசனையும் என்னுடையது என்றே சொல்லி வந்திருக்கிறாய்.

அங்கேயே, அந்த வாசலிலேயே, அவர்களிடம் முழுவதையும் சொன்னேன். எழுதியது நான், தேர்ந்தெடுத்தது அவள் என்று. இப்போது மாணவர்களிடம் பேச எங்கே கூப்பிட்டாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குகிறேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இல்லையடி, அவ்வளவு பெருமையாக இருக்கிறது.