சிப்பி மேல் சுருண்ட இழை

அக்டோபர் 14, செவ்வாய்

இல்லை, இன்னும் நிரூபணமாகவில்லை. ஆய்வு வழிகாட்டி மேடத்துக்கு இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதியது: கிட்டத்தட்ட முடிந்தது, மேடம். கோழை.

மழை. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகவில்லை. அம்மா தீபாவளி முறுக்கில். என் குறிப்பேட்டிலும் எண்ணெய்.

கல்லிலிருந்து எடுத்த, கடுகைவிடச் சிறிய சிப்பிகள். மேலே இழைகள். அவை கல்லாகிப்போன பாக்டீரியா என்றால், சிப்பிகள் கிடந்த பழைய கடலின் அடியில் பிராணவாயு இல்லை. கந்தகம் நாறும் சேறு. ஆய்வேட்டின் அத்தியாயம் நிலைக்கும். இல்லையென்றால் வெறும் சிப்பி. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு முன் காட்ட வேண்டும்.

நுண்ணோக்கிப் படங்கள் ரொம்ப அழகு. அதுதான் பயம்.

நாளை: 10 மணி மின் நுண்ணோக்கி. இரும்பு, கந்தகச் சோதனை; கல்லான பாக்டீரியா என்றால் இரண்டும் இருக்கும். குடை.

அக்டோபர் 15, புதன்

குடை மறந்தேன்.

கருவியை இயக்குபவர் கவிதா அக்கா, மெர்கோங் ஊர்க்காரர். மூன்றாவது சிப்பி. இழைமேல் எலக்ட்ரான் கற்றையைக் குவித்தார். இழை அசைந்தது. சுருண்டது.

"தங்கச்சி, கல்லு எங்கியாச்சும் சுருளுமாலா?"

சோதனையில் கார்பன் மட்டும். இரும்பு இல்லை, கந்தகம் இல்லை. அடுத்த சிப்பியிலும் அதுவே. தலைமுடியா, பஞ்சா, பூஞ்சையா என்று அக்கா அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில், ரப்பர் மாதிரி இழுபடுது என்றார். இருவரும் சிரித்தோம்.

பஸ் குருண் ஊரை நெருங்கும்போது சிரிப்பு நின்றது.

வாளி.

அக்டோபர் 16, வியாழன்

தூக்கமில்லை. தலைவலி.

போன மாதம் ஆய்வகத் தொட்டி அடைத்துக்கொண்டது. பொறுமையில்லாமல் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, சிப்பிகள் உதிர ஊற வைத்தேன். வாளி அப்பாவுடையது. பால் வாளி. விளிம்பில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை அவர் நகத்தால் இழை இழையாக உரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். பிறந்ததிலிருந்து பார்க்கும் இழை. பெரிதாக்கிப் பார்த்ததும் பாக்டீரியா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

காலையில் கேட்டேன், எந்த வாளி கொடுத்தீர்கள் என்று.

"இருக்கிறதிலயே நல்ல வாளிலா. மூணு தடவ கழுவுனேன். ஏன், ஓட்டையா?"

"இல்லப்பா."

வாளியில் ஊறாத கல் கட்டி ஒன்று மிச்சம். ஊசியால் ஐந்து சிப்பிகளைப் பெயர்த்தேன். மதியம், நான் கெஞ்சாமலே கவிதா அக்கா நேரம் ஒதுக்கினார். ஐந்தும் வழுவழு. ஓர் இழை இல்லை. அக்கா பிஸ்கட் தந்தார்.

மேடத்துக்கு எழுதினேன். முழுவதும், வாளி உட்பட. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் மட்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

வெயில், ஒருவழியாக.

குழுவிடம் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது ரப்பர், இதுவும் ரப்பர் என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்படியானால் கடலடி எப்படி இருந்தது என்று ஒருவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். அத்தியாயம் போயிற்று. ஆறு மாதம் கூடுதல் அவகாசம் கேட்டு எழுதச் சொன்னார் மேடம். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் காத்திருந்தார்.

"வாளி உதவுச்சா பாப்பா?"

"உதவுச்சுப்பா."

சாயங்காலம் கடைத்தெருவில் கண்ணாடிப் பாத்திரம் ஒன்று வாங்கினேன். மிச்சமிருந்த கட்டியைச் சுத்தியலால் உடைத்து அதில் ஊற வைத்தேன்.