நாளைக் காலை என் கையில் தரப்படும் கட்டை

அனுப்புநர்:
வி. உதயா,
விசைத்தறி நெசவாளர்,
ஆரணி.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
ஆரணி.

பொருள்: பட்டு விசைத்தறிக் கூடத்தில் தொழிலாளரைக் கொண்டே தொழிலாளரை அடிக்க வைக்கும் மேற்பார்வையாளர் திரு. கமலக்கண்ணன் மீது புகார் – நாளைக் காலைக்குள் நேரில் வரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்பார்வையாளர் கமலக்கண்ணன் அவர்கள் இதுவரை யாரையும் தொட்டு அடித்ததில்லை. விசாரித்தால் அவரும் இதைத்தான் சொல்வார் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு எப்போதும் ஒரு செல்லப்பிள்ளை உண்டு. செல்லப்பிள்ளைக்கு மின்விசிறிக்கு நேர் கீழே தறி, அறுந்து தொலையாத பாவு நூல், கேட்ட நாளில் லீவு. பதிலுக்கு, புடவையில் பழுது விட்டவரைச் செல்லப்பிள்ளை அடிக்க வேண்டும். அதற்கென்றே பழைய தறியில் கழற்றிய மரக்கட்டை ஒன்று அவர் மேசைமேல் கிடக்கிறது.

2. அந்த அடியில் தங்கவேலு என்பவருக்கு இடது காது போய்விட்டது. சென்ற மாதம் என்னுடன் நெய்யும் துர்கா செல்லப்பிள்ளை. என் புடவையில் சரிகை இழுத்திருந்ததற்காக அவள் என்னை அடித்தாள். தடுக்கப்போய் என் சுண்டுவிரல் முறிந்தது. அழுதுகொண்டேதான் அடித்தாள். அதனால் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை, ஐயா.

3. இன்று துர்காவின் புடவையில் எண்ணெய்க் கறை. உடனே கமலக்கண்ணன் அவளை விலக்கி, விசிறிக்குக் கீழே உள்ள தறியை எனக்குக் கொடுத்தார். “உன் விரல ஒடிச்சவ அவதானே? நாளைக்குக் காலைல நீ போடு. சும்மா தட்டிக்கினு நிக்காத” என்றார். அடிபட்டவளைச் செல்லப்பிள்ளை ஆக்கினால் அடி பலமாக விழும் என்று அவருக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், எனக்கும் கை பரபரத்தது.

4. சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் துர்கா என்னிடம் வந்தாள். “நீயே அடிச்சிடுக்கா. நீ மாட்டேன்னா வேற யார்னா அடிப்பாங்க. நீன்னா தலைல போட மாட்ட” என்றாள். நூறு ரூபாய் கைமாற்று கேட்பவள் போல அதைக் கேட்டாள்.

வேலையை விட்டுவிடலாமே என்பீர்கள். நான் விட்டால் கட்டை இன்னொருவர் கைக்குப் போகும். துர்கா அதே இடத்தில்தான் நிற்பாள்.

ஆகவே, நாளைக் காலை தறி ஓடுவதற்கு முன் தாங்கள் வந்து, அந்தக் கட்டையைக் கைப்பற்றி, அவர் மீது வழக்குப் பதியுமாறு வேண்டுகிறேன். தாங்கள் வராவிட்டால் கட்டையை நான் வாங்கிக்கொள்வேன். துர்காவை அடிக்க மாட்டேன். கட்டையைக் கொடுப்பவர் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பார். பிறகு அவர் வீட்டார் என் மீது மனு எழுத நேரிடும். அந்தச் சிரமம் தங்களுக்கு வேண்டாம் என்றே முன்கூட்டித் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: ஆரணி
நாள்: 18.11.2024

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
வி. உதயா