கடைசி மேசையின் மஞ்சள் சுடர்

மார்ச் 3, 1947. திங்கள். திருப்பதி.
காலையிலேயே வெயில். ஒரே புழுதி, மலை தெரியவில்லை. சோப்பு வாங்க மறக்கக் கூடாது.

கெமிஸ்ட்ரி லேப். எனக்குக் கணக்குதான் மெயின், இது துணைப்பாடம். அதனால் வேண்டாத விருந்தாளி மாதிரி கடைசி மேசை. போன வருஷம் பிராக்டிகலில் ஃபெயில். இம்முறையும் போனால் பி.ஏ. கிடையாது. சூளூர்பேட்டைக்குப் போய் நைனாவோடு உப்பளத்தில் நிற்க வேண்டியதுதான்.

இன்று சுடர்ச் சோதனை. பிளாட்டினக் கம்பியை ஆசிடில் கழுவி பர்னரில் காட்டினேன். எந்த உப்பையும் தொடவில்லை. சுடர் மஞ்சள். மஞ்சள் என்றால் சோடியம். எங்கிருந்து வந்தது?

மார்ச் 4.
அதே கம்பி, பக்கத்து மேசையில் நிறமே இல்லை. என் மேசையில் மறுபடி மஞ்சள். எரிச்சல்.

லேப் அட்டெண்டர் முனுசாமி பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னா தம்பி, மஞ்சளா? அந்த மேசை அப்படித்தான். முன்ன உன்னாட்டம் துணைப்பாடக்காரன் ஒருத்தன் அங்க நின்னான். பரீட்சை பூரா அழுதுக்கினே செஞ்சான். கண்ணீரு உப்பாச்சே, கம்பியில பட்டா மஞ்சள்தானே வரும்? எல்லாத்துக்கும் சோடியம்னே எழுதிட்டான். ஏன்டா அழுவுறன்னு கேட்டா, நான் எங்க அழுவுறேன்னான். சாயங்காலம் மலையடிவாரத்துல அலிபிரிப் பக்கம் போனான். திரும்பி வர்ல."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 6.
மேசை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். நம்பர்படிதானாம். வாத்தியாருக்கு வேறு வேலை இல்லை.

ரூம்மேட் ராஜு வழி சொன்னான்: "ரேய், நீலக் கண்ணாடி வெச்சுப் பாருரா. மஞ்சள் மறைஞ்சிடும், பின்னாடி இருக்கறது தெரியும்." பார்த்தேன், மறைந்தது. ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது. ஜெபம் பண்ணினேன். மெஸ்ஸில் சாம்பார் தண்ணீர்.

மார்ச் 8. சனி.
பிராக்டிகல் முடிந்தது.

வெள்ளைப் பொடி கொடுத்தார்கள். சுடர் மஞ்சள். நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இளம் ஊதா. பொட்டாசியம்! எழுதினேன். பாஸ்தான், உப்பளம் இல்லை. நைனாவுக்குத் தந்தி கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மதராஸிலிருந்து வந்த எக்ஸாமினர் விடைத்தாளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"சரியாத்தானேப்பா எழுதியிருக்க? எதுக்கு இப்படி அழற?"

"நான் எங்க சார் அழுவுறேன்?" என்றேன்.

முனுசாமி கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தார். அப்போதுதான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்.