டெலோஸ் தீவும் உன் அம்மாவும்

உன் வீட்டு வாசலில் நான் முதலில் கண்டது ஒரு சோடி றப்பர்ச் செருப்பு. இந்தக் குளிர்நாட்டு ரண்டர்ஸ் நகரில் பனி கொட்டுகிற மாதத்தில், உன் அப்பாவின் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், சின்னக் கால்களுக்கு அளவான செருப்பு. மணியை அடிக்காமல் சற்று நின்றேன். உன் அம்மா வந்துவிட்டார்.

இந்த நாட்டு அரசு நம் ஆட்களின் குடும்பங்களுக்கு விசா கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்த காலத்தில்தான் நாம் சிநேகிதிகளானோம். உன் அம்மா யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தார். நான் பள்ளியைப் பாதியில் விட்டு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலைக்குப் போனேன். நீ கிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் பழைய கிரேக்கம் படித்தாய். மாலையில் பஸ் தரிப்பில் எனக்காக நின்று, அன்று படித்ததை எல்லாம் கொட்டுவாய். என் அப்பாவின் பெரிய ஜாக்கெற்றைப் போட்டபடி நான் தலையாட்டுவேன். இருவருக்குமாக நீயே கதைப்பாய்.

டெலோஸ் தீவும் அப்படித்தான் வந்தது.

“ஓஸ் எண்டு முடிஞ்சா அனேகமா ஆண்பால். ஆனா இந்தத் தீவின்ர பேர் பெண்பால். உன்னை மாதிரித்தானடி, கொப்பற்ற ஜாக்கெற்றுக்குள்ள ஒரு பொம்பிளைப் பிள்ளை!”

முன்பு அது கடலில் மிதந்து திரிந்த தீவாம். பிள்ளை பெற இடம் தேடி அலைந்த ஒரு தாயை மற்ற ஊர்களெல்லாம் திருப்பி அனுப்ப, அது மட்டும் ஏற்றுக்கொண்டதாம். பிறகுதான் ஓரிடத்தில் நின்றதாம். டெலோஸ் என்றால் தெளிவாகத் தெரிவது. ஒளிந்து கிடந்தது வெளியே தெரிந்ததால் அந்தப் பெயர் என்று பழைய ஆட்கள் சொன்னார்களாம். உன் வாத்தியார் அதை முழுதாக நம்பவில்லையாம்.

“அவவிட்ட விசா கேக்கேல்லையோ?” என்றேன்.

“அடியே, நீயும் கதைப்பியே!” என்று என் முதுகில் அடித்துச் சிரித்தாய். பஸ் வந்து நின்றதுகூட உனக்குத் தெரியவில்லை.

அந்த மாரிக் குளிரிலேயே மூளைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. விசா அதற்குப் பிறகு வந்தது.

மணியை அடித்தேன். உள்ளே போனதும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீதானே பிள்ளை அவளின்ர சிநேகிதி? சின்னப் பிள்ளையா அனுப்பினனான். வளர்ந்த பிறகு அவள் எப்பிடிக் கதைச்சவள், எதுக்குச் சிரிச்சவள், எனக்கு ஒண்டும் தெரியாதம்மா.”

“இஞ்சரும், அது கதைக்காத பிள்ளை. விடும்,” என்றார் உன் அப்பா, என்னைக் காட்டி.

நான் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, கதைக்கத் தொடங்கினேன்.