எந்திரி கண்ணு

மார்கழி, ஞாயிற்றுக்கிழமை.

முதல் தடவையாக ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போய்வந்த அண்ணன், இன்று சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி எங்கள் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் வீடியோ காட்டினான். இடுப்பில் குண்டடிபட்ட வரிக்குதிரை, முன்னங்காலை ஊன்றி எழப் பார்க்கிறது. அண்ணன் துப்பாக்கி முனையால் அதன் வயிற்றைக் குத்துகிறான்.

"எந்திரி கண்ணு. எந்திரி சாமி, இன்னொருக்கா ஓடு."

அது மறுபடி விழுகிறது. கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

"நல்லாருக்குதுங்க மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர். நான் அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

கிளம்பும்போது, பாயில் தூங்கிக்கொண்டிருந்த என் மகளிடம் குனிந்தான். விரலால் அவள் வயிற்றைக் குத்தினான்.

"எந்திரி கண்ணு. எந்திரி சாமி, மாமன் கெளம்பறேன்."

குரலில் துளி வித்தியாசம் இல்லை. அவள் எழுந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.