பால் சேர்க்காத ஸ்கோன்

என் கண்ணு,

ஸ்கோன் என்கிற அந்தக் குட்டி பன் இன்று பஞ்சு மாதிரி வந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் பால், முட்டை எதையும் தொடமாட்டார் என்று நீ சொன்னதிலிருந்து செய்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதலில் சப்பாத்தி மாவுபோல் பிசைந்து கல்லாக்கிவிட்டேன். இன்று மைதாவில் பேக்கிங் பவுடர் கலந்து, உறைந்த தேங்காயெண்ணெயை உதிர்த்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்த தேங்காய்ப்பாலை ஊற்றிப் பிசையாமல் சேர்த்தேன். உப்பு பரப்பிய குக்கரில் சுட்டெடுத்தேன்.

காக்களூரில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். பால் சேர்க்காதது என்றேன்.

"பாலே இல்லாமயா? மெத்துனு கீதே," என்றார்.

அப்பா சுவரில் மாட்டவிடாத உன் கல்யாண போட்டோ இன்னும் பீரோவுக்குள்தான் இருக்கிறது. அதனால் யாருக்கு என்று நான் சொல்லவில்லை. செவ்வாப்பேட்டையில் உன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமென்று மீதியை டப்பாவில் அடுக்கினேன். அவர் இன்னொன்றை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"டப்பால்லாம் இன்னாத்துக்கு? ஞாயித்திக்கெயம மாப்ளய இட்டுக்கினு வரச் சொல்லு. சூடா துன்னட்டும்."

மாப்பிள்ளை என்றார், கண்ணு. அவர் வாயாலேயே சொன்னார்.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதி, ரயிலில் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு ஹெலனிடம் கொடுக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் வாசலுக்கு வந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

வழி பார்த்திருக்கும்
அம்மா