உங்கள் வண்டிக்குக் கிடைத்த பத்து மதிப்பெண்

அக்கா,

புதுக் காரின் கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வந்து முகத்தில் மோதும். ரெக்சினும் பசையும் பிளாஸ்டிக் உறையும் வெயிலில் வெந்து கலந்த வாசனை. போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில், நெடுஞ்சாலையோரத்து ஷோரூம் ஒன்றில் அது மூக்கில் ஏறியபோது உங்கள் குரல் காதில் விழுந்தது. "வாசனைன்னு சொல்லாதடி. பசை இன்னும் காயல, அதான் நாத்தமடிக்குது."

நானும் என் வீட்டுக்காரரும் கார் பார்க்கப் போயிருந்தோம். நீங்கள் போனபிறகு சிமெண்ட் ஆலைக்கு நான் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். அரியலூரில் ஏறி, நடுவில் இறங்கி, வேறு பஸ் பிடித்து ஆலத்தியூர் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. அதனால்தான் அவரே கார் பேச்சை எடுத்தார். விற்பனைக்காரர் போனைத் திருப்பி எங்களிடம் காட்டினார். "நாலரை ஸ்டார் மேடம். நீங்களே பாத்துக்குங்க."

"வாங்கி நாலஞ்சு வருஷம் ஓட்டுனவங்க யாராச்சும் எழுதியிருக்காங்களா?" என்றேன்.

"நம்ம கஸ்டமருங்க எல்லாருமே ஹாப்பிதான் மேடம்."

"வருத்தமா இருக்கற ஒருத்தரோட நம்பர் குடுங்களேன்."

என் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். முன்பணம் கட்டாமலேயே திரும்பிவிட்டோம். பஸ்ஸில் வரும்போது, "அந்தம்மா போயிட்டாங்க. அவங்க சந்தேகம் மட்டும் உன்கிட்ட வந்து குடியேறிடுச்சு" என்றார். அவர் திட்டியதாகத்தான் நினைத்திருப்பார். எனக்கு என்னவோ மனசு நிறைந்திருந்தது.

ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் நான் சேர்ந்தபோது நீங்கள் ஏற்கெனவே அங்கே பழுத்த ஆள். சுண்ணாம்புக்கல் சாம்பிள் வந்தால், அதைச் சோதிப்பதற்கு முன்னால், கொண்டுவந்தவரைச் சோதிப்பீர்கள். எந்தக் குவியலில் எடுத்தீர்கள், மேலிருந்தா, உள்ளே தோண்டியா? "மேலாப்புல அள்ளுனா எல்லாக் குவியலும் நல்லாத்தாண்டி இருக்கும்" என்பீர்கள். கடையில் கத்தரிக்காய் வாங்கினால்கூட, கடைக்காரர் எடுத்துத் தருவதைத் தள்ளிவிட்டு நீங்களே அடியில் கைவிடுவீர்கள்.

அப்படிப்பட்ட நீங்கள், வீட்டுக்காரர் இறந்து மகனும் சென்னைக்குப் போய்விட்டபிறகு, ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, வண்டி வாங்கப்போவதாகச் சொன்னபோது கூடமே சிரித்தது. யோசனைக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் ஒரே கம்பெனியின் பெயரைத்தான் சொன்னார்கள். உங்கள் மகனும் அதையேதான் சொன்னான். "கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்மா."

"கண்ண மூடிக்கிட்டு வாங்கறதுக்கு அது என்ன கோயில் பிரசாதமாடா?" என்று போனிலேயே கத்தினீர்கள்.

மதிய உணவு நேரத்தில் டப்பாவை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு விமர்சனங்களை எனக்கு வாசித்துக் காட்டுவீர்கள். சூப்பர், செம, வேல்யூ ஃபார் மணி. எழுதியவர்களில் பெரும்பாலோர் வண்டி எடுத்த வாரத்திலேயே எழுதியவர்கள் என்பதைக் கண்டுபிடித்ததும் உங்களுக்குத்தான் எத்தனை சந்தோஷம். "கல்யாணத்தன்னிக்கே மாப்பிள்ள எப்புடின்னு பொண்ணுகிட்ட கேட்டா என்னடி சொல்லும்?" விபத்துச் சோதனையில் வண்டி வாங்கிய நட்சத்திரங்களையும் நீங்கள் விடவில்லை. "மோதுனா பொழைக்கறதுக்கு ஸ்டார் குடுக்கறான், சரி. மோதாம நடுரோட்டுல நின்னுபோனா அதுக்கு என்ன குடுப்பான்?"

இவ்வளவு கேட்டும் கடைசியில் அந்த வண்டியைத்தான் வாங்கினீர்கள். திரையில் எழுதியவர்களை நம்பாமல், அதே வண்டி வைத்திருந்த உள்ளூர்க்காரர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டீர்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறாரே, அவர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: "தங்கமான வண்டிங்க. ஒரு கொற சொல்ல முடியாது." முகம் தெரிந்த மனிதர் சொன்னபிறகு என்ன சந்தேகம் என்று நினைத்தீர்கள். உங்கள் வாழ்க்கையில் சந்தேகத்தை இறக்கிவைத்த ஒரே தடவை அதுவாகத்தான் இருக்கும்.

முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி. நீங்கள் ஓட்ட, பக்கத்தில் நான். பிறகு அந்த கங்கைகொண்ட சோழபுரம் பயணம். கோயிலுக்குப் போய்விட்டு, ஜெயங்கொண்டத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வலது பக்கம் திரும்பும் இடத்தில், சாலையின் குறுக்கே பாதி வண்டி போயிருந்தபோது இழுவை நின்றுபோனது. எஞ்சின் ஓடுகிறது, நீங்கள் மிதிக்கிறீர்கள், உறுமல் வருகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. கியர் தானாகவே நியூட்ரலுக்குப் போய், முன்னால் திரையில் 'N' என்ற எழுத்து விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. என் பக்கக் கண்ணாடி முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றின் முகம். அதன் ஹாரன் சத்தம் இன்னும் என் பல்லுக்குள் இருக்கிறது.

லாரி எங்களை ஒட்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி ஏசினார். பிறகு அவரே, டீக்கடையில் நின்றவர்களைக் கூப்பிட்டு வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார். ஓரமாக வந்த வண்டியை அணைத்து மறுபடி போட்டதும், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பியது. அரியலூர் வரும்வரை நீங்கள் இடது ஓரத்தை விடாமல் ஓட்டினீர்கள்.

சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் சிரித்த முகத்தோடு வந்தார். "ஒண்ணும் காட்டல மேடம். வண்டி கிளீன். நீங்க ஓட்டற மொறையில ஏதாச்சும்... புதுசா கத்துக்கிட்டவங்கன்னு சொன்னாங்க."

"லாரி வர்ற நேரம் பாத்து நியூட்ரல்ல போடறதுக்கு எனக்கு எந்த ஸ்கூலும் சொல்லித் தரலீங்க" என்றீர்கள்.

கிளம்பும்போது வரவேற்பில் இருந்த பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். "மேடம், கம்பெனியிலேருந்து கால் வரும். பத்துக்குப் பத்து சொல்லிடுங்க மேடம். ஒம்பது சொன்னாக்கூட என்னைத்தான் கேப்பாங்க." அவள் கெஞ்சியது நடிப்பில்லை. கண்ணில் பயம் இருந்தது.

அந்த அழைப்பு பரிசோதனைக் கூடத்தில் இருக்கும்போது வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டீர்கள்.

"எங்க சேவைக்கு பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க மேடம்?"

"எதுக்கு மார்க்? வண்டிக்கா, அந்தப் பொண்ணுக்கா?"

"ஓவரால் மேடம்."

"அந்தப் பொண்ணுக்குப் பத்து. வண்டிக்கு சைபர். தனித்தனியா எழுதிக்கோங்க."

"அப்புடி எழுத எடமில்ல மேடம். ஒரு நம்பர்தான் போட முடியும்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். போனைப் பார்த்தீர்கள். "அப்ப அந்தப் பொண்ணுக்கே போட்டுக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நடுரோட்டில் நம்மைச் சாகவிடப் பார்த்த வண்டி, அன்றைக்குப் பத்துக்குப் பத்து வாங்கியது. அந்தப் பத்தும் எங்கோ ஓரிடத்தில் கூடி ஒரு நட்சத்திரமாகி, யாரோ ஒருவர் சாப்பாட்டு வேளையில் அதைப் படித்துக்கொண்டிருப்பார் என்று சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலையே மருந்துக்கடைக்குப் போனோம். இந்தமுறை நீங்கள் வண்டி எப்படி என்று கேட்கவில்லை. "எனக்கு ஓடிக்கிட்டிருக்கும்போதே நியூட்ரல் ஆயிடுச்சுங்க. உங்களுக்கு எப்ப ஆச்சு?" என்றீர்கள். அவர் கடைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நமக்கும் ஆச்சுங்க. பாலத்து மேல ஒரு தரம், வூட்டு வாசல்லயே ஒரு தரம். வெளில சொல்லிடாதீங்க. வண்டிய வித்துடலாம்னு இருக்கறேன்."

"அப்பறம் ஏங்க தங்கம்னு சொன்னீங்க?"

"ஊரெல்லாம் கேட்டு, ஆசப்பட்டு வாங்கிட்டேன். அத நானே மட்டம்னு சொன்னா, ஏமாந்தவன்னு தெரிஞ்சுபோயிடும்ல?"

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதி ஒற்றை நட்சத்திரத்தோடு போட்டீர்கள். அதன்கீழ் வந்த பதில்களை என்னிடம் காட்டாமல் மறைத்தீர்கள். நான் என் போனிலேயே பார்த்துவிட்டேன். ஓட்டத் தெரியாதவர்கள் வண்டியைக் குறை சொல்கிறார்கள் என்று ஒருவர். எதிர்க் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார் என்று இன்னொருவர். என் வீட்டுக்காரர்கூட, "நெசமாவே அவங்களுக்கு நல்லா ஓட்ட வருமா?" என்று கேட்டார். ஊரையே சந்தேகப்பட்ட உங்களை ஊர் திருப்பிச் சந்தேகப்பட்டது. அது உங்களை எவ்வளவு அரித்தது என்று எனக்குத் தெரியும். சில நாட்கள் வண்டியை எடுக்காமல் பஸ்ஸுக்கு நின்றீர்கள். "எனக்குத்தான் ஓட்டத் தெரியலையோடி" என்று ஒருநாள் முணுமுணுத்தீர்கள். உங்கள் மேலேயே நீங்கள் சந்தேகப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு ஒரு காலையில் சர்வீஸ் சென்டருக்குப் போய் மேனேஜரை வலுக்கட்டாயமாகப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினீர்கள். நான் பின்சீட்டில். செந்துறை சாலையில் லாரிகள் உழுதுபோட்ட பள்ளங்களில் இறக்கி ஏற்றி, போய் வந்து, மறுபடி போய், கடைசியில் வண்டி நின்றது. அந்த எழுத்து மின்னியது. "இப்ப ஓட்டற மொறைய நீங்களே பாத்துக்கோங்க சார்" என்று சாவியை அவர் கையில் கொடுத்தீர்கள். டையும் பளபளத்த ஷூவுமாக அவர் அந்தப் புழுதியில் இறங்கித் தள்ளியதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஒரு பாகத்தை மாற்றிக் கொடுத்தார்கள். அதன்பின் அந்த வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. பழைய விமர்சனத்தின் கீழேயே அதையும் எழுதினீர்கள்: மாற்றிக் கொடுத்தார்கள், இப்போது நன்றாக ஓடுகிறது. உடனே ஒருவர் எழுதினார், கம்பெனிக்காரன் சரிக்கட்டிவிட்டான் போலிருக்கிறது என்று. "பாத்தியாடி, திட்டுனாலும் காசு வாங்குனவ, பாராட்டுனாலும் காசு வாங்குனவ" என்றீர்கள். அந்தக் காசில் டீ வாங்கித் தாருங்கள் என்று கூடத்தில் எல்லோரும் உங்களைச் சுற்றிக்கொண்டார்கள். நீங்களும் வாங்கித் தந்தீர்கள்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து, நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, உங்கள் மகன் வண்டியை விற்க ஏற்பாடு செய்தான். கூட இருங்கள் என்று என்னையும் கூப்பிட்டான். ஜெயங்கொண்டத்திலிருந்து முந்திரி வியாபாரம் பார்க்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். வண்டி எப்படி என்றார். "கம்பெனி பேரே போதும் சார், பிரச்சினையே வந்ததில்ல" என்றான் உங்கள் மகன். அவன் பொய் சொல்லவில்லை அக்கா. அவனுக்கு நீங்கள் எதையுமே சொல்லியிருக்கவில்லை.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நடுரோட்டில் நின்றதிலிருந்து பாகம் மாற்றியதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் மகன் முகம் கறுத்தது. வியாபாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். மனைவியிடம் திரும்பி, என் காதில் விழும்படியே, "இந்தம்மா ஏன் இம்புட்டு சொல்லுது? கம்மி வெலைக்கி இதுவே எடுத்துக்கப் பாக்குதோ?" என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. அந்த ஒற்றை நட்சத்திரத்தின் கீழ் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ஆனால் அந்த மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாத்துனதுக்கு அப்பறமும் நீங்க இதுல போனீங்களாக்கா?" என்றாள்.

"தெனமும் போனேன்."

"இப்ப ஏறச் சொன்னா ஏறுவீங்களா?"

பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். அவளும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வியாபாரி ஓட்டினார். பைபாஸ் வரை போய்த் திரும்பும்போது, "இதையே எடுத்துக்கலாங்க" என்று அவரிடம் சொன்னாள்.

நேற்று அவளிடமிருந்து போன் வந்தது.

"வண்டி நல்லா ஓடுதுக்கா. ஆனா ஏசி சுத்தமா வேல செய்யல. அத மட்டும் சொல்லாம வுட்டுட்டீங்களே?"

தூக்கிவாரிப்போட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகத்தான் நான் நினைத்திருந்தேன். உங்களுக்கு ஏசி காற்று தொண்டைக்கு ஆகாது. வாங்கிய நாள் முதல் நீங்கள் அதைப் போட்டதே இல்லை. அந்த வண்டியில் அப்படி ஒன்று இருந்ததே எனக்கு நினைவில்லை. மருந்துக்கடைக்காரர் தெரிந்தே மறைத்தார். நான் தெரியாமல் மறைத்திருக்கிறேன். வாங்கியவளுக்கு இரண்டும் ஒன்றுதானே?

"எனக்குத் தெரியாதும்மா, அவங்க ஏசியே போட மாட்டாங்க" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. "அவங்க எப்புடிப்பட்டவங்கக்கா?" என்று கேட்டாள்.

தங்கமானவர் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். உங்களுக்குப் பிடிக்காது. "எதையும் லேசுல நம்ப மாட்டாங்க. கோவம் வந்தா ஒரு வாரத்துக்குப் பேச மாட்டாங்க. ஒவ்வொரு பள்ளத்துக்கும் லாரிக்காரங்கள ஏசிக்கிட்டேதான் ஓட்டுவாங்க. அந்தச் சத்தத்துலயும் நான் பக்கத்து சீட்டுல சாஞ்சு தூங்கிடுவேன்" என்றேன்.

இன்று காலை பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கண்ணை மூடிப் பார்த்தேன் அக்கா. பிரேக் சத்தம் ஒவ்வொன்றுக்கும் விழித்துக்கொண்டே ஆலத்தியூர் போய் இறங்கினேன். நீங்கள் ஓட்டாத எந்த வண்டியிலும் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை.